முப்பத்தெட்டுப் பேரை எழுப்பியவர்

ஆரியசாலையில் ஒரு மிளகாய் வற்றல் மொத்தக் கடையின் மாடியில் அவர் கம்ப்யூட்டர் பழுது பார்த்தார். ஏறுவதற்குப் பதினேழு படிகள், கைப்பிடி கிடையாது. முதல் நாள் மேலே போய்ச் சேர்வதற்குள் பதினொரு முறை தும்மினேன். அவர் தலையை நிமிர்த்தாமலே, "உள்ள வந்து தும்முங்க சாரே, அங்க நின்னா விழுந்திருவிய" என்றார்.

அப்போது அவருக்கு ஐம்பது வயது கடந்திருக்கும். கட்டட வேலைக்குப் போகும் பெண்களைப் போல, புடவைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை அணிந்திருப்பார். சட்டைப் பையில் மூன்று ஸ்குரூ டிரைவர்கள். எந்தப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னும் ஜன்னல் கம்பியை மூன்று தடவை தொடுவார். உடம்பில் தேங்கிய மின்சாரம் இறங்குவதற்காக. கீழே மூட்டை இறக்குகிறவர்கள் அதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருந்தார்கள். அவரும் திருத்தவில்லை.

கடைக்குப் பெயர்ப் பலகை இல்லை. கதவில் ஓர் அட்டை மட்டும் தொங்கும். 'இங்கே ஃபார்மட் செய்வதில்லை' என்று மலையாளத்தில் எழுதியிருக்கும்.

ஃபார்மட் என்றால் உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு முதலிலிருந்து போடுவது. ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும் முதல் மருந்து அதுதான். அரை நாளில் வேலை முடிந்துவிடும். இவர் கடையில் யாராவது அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால், கையிலிருக்கும் பாலில்லாத கட்டன் சாயாவைக் கீழே வைத்துவிட்டு அவரை ஒரு பார்வை பார்ப்பார்.

"அழிக்கதுக்கு மெக்கானிக் எதுக்கு? ஒரு சுத்தியல் போதுமே."

எழுந்திருக்காத இயந்திரத்தைப் 'போய்விட்டது' என்று சொல்லவும் விடமாட்டார். "போகல்ல. கெடக்கு. கெடக்கது வேற, செத்தது வேற" என்பார். பக்கத்துக் கடைக்காரர்கள் அந்த மாடிக்கு 'ஐ.சி.யூ.' என்று பெயர் வைத்திருந்தார்கள். கேலிதான். ஆனால் அவர் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார்.

கல்லாறு என்ற ஊரில் சாயாக்கடையும் சுற்றுலாக்காரர்களுக்கு இரண்டு அறைகளும் வைத்திருந்த ஒருவர், அரிசிச் சாக்கில் பெட்டியைக் கட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தார். நான் அப்போது அங்கே உட்கார்ந்திருந்தேன்.

"சேச்சி, எல்லாம் அழிச்சுட்டுப் புதுசா போட்டுத் தந்தா மதி, அது போதும். உள்ள ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததுக்கா இத்தற பாரம்?"

"அது இரும்பு."

"இரும்புக்கு நான் எதுக்கு? கீழ மிளகாய்க்காரன்கிட்ட தராசு இருக்கு."

அவர் கோபித்துக்கொண்டு சாக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். எட்டுப் படி இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. பிறகு எட்டுப் படி ஏறும் சத்தம். மூன்றாம் நாள் அந்த இயந்திரம் எழுந்தது. உள்ளே, ஆற்றில் வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போன பழைய கடையின் படங்கள் இருந்தன. அவை அதில் இருப்பதையே அவர் மறந்திருந்தார்.

எல்லாம் இப்படி நல்லபடியாக முடிந்ததென்று சொன்னால் அது பொய். ஒரு கல்லூரிப் பெண்ணின் லேப்டாப்பைப் பன்னிரண்டு நாள் வைத்திருந்தார். அது எழவில்லை. அந்தப் பெண் ஏதோ ஆய்வறிக்கை கொடுக்க வேண்டிய கடைசி நாள் ஒன்பதாம் நாளே கடந்துவிட்டது. பன்னிரண்டாம் நாள் அவள் படியில் உட்கார்ந்து அழுதாள். இவர் இறங்கிப் போகவில்லை. "முடியாமல் போகலாம் என்று முதல் நாளே சொல்லியிருக்கலாமே" என்று நான் கேட்டேன். "சொல்லியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். அன்று எனக்கு அவர்மேல் வருத்தம். இன்றும் அதில் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று ஒரே ஒரு முறை கேட்டேன்.

"ஒரு தடவ அழிச்சேன் சாரே. மதி."

ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு அடுத்த பெட்டியைத் திறந்தார்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது என் சொந்தத் தவறால். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு. கரமனையில் எங்கள் தெருக் கல்யாண மண்டபத்தின் மாடியறையில் ஒரு தமிழ் வாசகசாலை உண்டு. அப்போது நான்காயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள். நான் செயலாளர். வாசகசாலைக்கு அரசு அங்கீகாரம் இருக்கும் வரையில் அறை எங்களுக்கு என்று மண்டபத்துக்காரர்களோடு ஒப்பந்தம். அங்கீகாரம் போனால் மறு மாதமே காலி செய்ய வேண்டும். சமையல் பாத்திரங்கள் வைக்க அவர்களுக்கு அந்த அறை வேண்டியிருந்தது. ஒவ்வொரு கல்யாணத்தின்போதும் யாராவது ஒருவர் மாடிக்கு வந்து சுவரை அளப்பதுபோல் பார்த்துவிட்டுப் போவார்.

அந்த வருடச் சோதனை சனிக்கிழமை என்று கடிதம் வந்திருந்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

வாசகசாலைக் கம்ப்யூட்டர் எழுந்திருக்க ஒன்பது நிமிடம் எடுக்கும். கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். அதிகாரி வந்து ஒன்பது நிமிடம் காத்திருப்பாரா என்ற கவலையில் எனக்குத் தூக்கம் போயிற்று. கம்ப்யூட்டருக்குள் நம் கண்ணுக்குத் தெரியாமல் சின்னச் சின்ன வேலைக்காரர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள், அவற்றுக்கு சர்வீஸ் என்று பெயர், தேவையில்லாதவற்றை நிறுத்தினால் வேகம் கூடும் என்று இணையத்தில் படித்தேன். அந்தப் பட்டியலைத் திறந்தேன். தொண்ணூற்று நான்கு பேர் இருந்தார்கள்.

நான் முப்பத்துநான்கு வருடம் அரசு அலுவலகத்தில் பணியிடங்கள் பிரிவில் இருந்தவன். எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு பணியிடத்தின் வேலை என்ன என்று ஒரே வரியில் சொல்ல முடியவில்லை என்றால் அது உபரிப் பணியிடம். இங்கேயும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அதன் வேலை ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எனக்குப் புரியாததையெல்லாம் உபரி என்று தீர்மானித்து நிறுத்தினேன். 'மொத்தம் 94, நிறுத்தியது 38, மீதி 56' என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டேன். இரண்டே நிமிடத்தில் திரை வந்தது. சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் சுமார் அரை நிமிடம் நீடித்தது. புத்தகப் பட்டியல் திறக்கவில்லை. பிரிண்டர் இல்லை என்றது. நிறுத்தியவர்களைத் திரும்ப எழுப்பலாம் என்று அந்த சர்வீஸ் பட்டியலைத் திறந்தால் திரை வெள்ளையாக நின்றது. ஒரு பெயர்கூட இல்லை. பட்டியலைக் காட்டுகிறவனையும் சேர்த்து நிறுத்தியிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை இரண்டு கடைகளில் கேட்டேன். இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள். ஃபார்மட். அது எங்களுக்கு ஆகாது. புத்தகப் பட்டியல் நிரலை எங்கள் உறுப்பினரான ஒரு பௌதிக ஆசிரியர் தமிழில் தானே எழுதிப் போட்டிருந்தார். அவர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. நிரல் அந்த ஒரு பெட்டியில்தான் இருந்தது. அது இல்லாமல் பட்டியலைத் தனியே எடுத்தாலும் எந்தக் கம்ப்யூட்டரும் அதைப் படிக்காது. இரண்டாவது கடைக்காரர் என் முகத்தைப் பார்த்து, "ஆரியசாலையில ஒரு சேச்சி உண்டு. அவங்க அழிக்க மாட்டாங்க. ஆனா ஆறு மாசம் ஆனாலும் ஆகும்" என்று சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். அதன் விளிம்பு தொடையில் பதிந்து இரண்டு நாள் வலித்தது.

அவர் ஜன்னல் கம்பியைத் தொட்டார். பெட்டியைத் திறந்து மிளகாய்த் தூசி படாமல் ஒரு துணியைப் போர்த்தினார். வேறொரு டிஸ்க்கைக் கொண்டு இயந்திரத்தை எழுப்பி, தூங்குகிற எங்கள் டிஸ்க்கின் உள்ளே நுழைந்து பார்த்தார். அங்கே ஒவ்வொரு வேலைக்காரன் பெயருக்கும் பக்கத்தில் ஓர் எண் இருந்தது. இரண்டு என்றால் தானே எழுவான். மூன்று என்றால் கூப்பிட்டால் வருவான். நான்கு என்றால் எழுந்திருக்கவே கூடாது.

"நீங்க என்ன செஞ்சிய சாரே, கண்டவனுக்கெல்லாம் நாலு போட்டிருக்கிய. யார் யாருக்குப் போட்டியள்னு பேரு எழுதி வச்சியளா?"

"எண்ணிக்கை எழுதி வச்சிருக்கேன். முப்பத்தெட்டு."

"பேரு?"

"பேர் எழுதலை."

அவர் சாயாவைக் கீழே வைத்தார். "எண்ணிக்கைய வச்சு யாரக் கூப்பிட? 'முப்பத்தெட்டே, வா'ன்னா வருமா?"

நாலு போட்ட எல்லாரையும் எழுப்பிவிட்டால் என்ன என்று கேட்டேன். அதில் பிறந்ததிலிருந்தே நாலாக இருக்க வேண்டியவர்களும் உண்டாம்; அவர்களை எழுப்பினால் ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொள்வார்களாம். சனிக்கிழமை சோதனை என்று சொன்னேன். அறை போய்விடும் என்று சொன்னேன். இரண்டு முறை சொன்னேன்.

"ஒரு தடவ சொன்னா மதி. நான் என்ன, மெஷின எழுந்திருக்காதேன்னா சொல்லுதேன்?"

பக்கத்துச் சந்தில் ஓர் அச்சகத்தில் எங்களுடையதைப் போலவே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. புதன்கிழமை அச்சகத்துக்காரர் சாப்பிடப் போகும் முக்கால் மணி நேரத்தில் அதன் முன்னால் உட்கார்ந்தோம். நான் ஒவ்வொரு பெயரையும் எண்ணையும் படித்தேன். அவர் மிளகாய்க் கடைப் பழுப்புக் காகிதத்தில் மலையாள எழுத்தில் எழுதினார். வியாழக்கிழமை முழுவதும் அந்தக் காகிதத்தைப் பார்த்துப் பார்த்து எங்கள் டிஸ்க்கில் எண்களை மாற்றினார். மத்தியானம் மூன்று மணிக்கு இயந்திரம் எழுந்தது. பிரிண்டர் வந்தது. சர்வீஸ் பட்டியலில் பெயர்கள் வரிசையாக நின்றன. கீழே மூட்டைக்காரர்களுக்குக் கேட்கும்படி அவர் கையைத் தட்டினார்.

வாசகசாலை நிரல் மட்டும் திறக்கவில்லை.

"மெஷின் எழும்பிட்டு சாரே. நிரலு பழசு, அதுக்கு என்ன கேடோ."

"எத்தனை பேரை மாத்தினீங்க?"

"நான் எண்ணல்ல."

மாற்றிய பெயர்களுக்கு எதிரே காகிதத்தில் அவர் போட்டிருந்த குறிகளை நான் எண்ணினேன். முப்பத்தாறு. மறுபடி எண்ணினேன். முப்பத்தாறு.

"இரண்டு பேர் குறையறா."

"ஓ. பேரு தெரியாது, ஆளு குறையுதுன்னு மட்டும் தெரியும்."

"ஆமாம். நான் முப்பத்தெட்டுப் பேரை நிறுத்தினேன். கையெழுத்துப் போட்டிருக்கேன்."

அவருக்குக் கோபம் வந்தது. மூன்று நாளாகத் தன் தலைக்கு மேலே நின்று ஒருவன் எண்ணிக்கொண்டிருந்தால் யாருக்கும் வரும். என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். நான் போகவில்லை. அரசு அலுவலகத்தில் யாராவது போகச் சொன்னால் போகிறவனாகத்தான் நான் வேலை பார்த்தேன். அன்று ஏனோ நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. கீழே தராசுத் தட்டுகள் மோதும் சத்தம் மட்டும் கேட்டது.

கடை மூடும் நேரத்தில் அவர் பழுப்புக் காகிதத்தை எடுத்து மடித்தார். மடித்த கை அப்படியே நின்றது.

"சாரே. அச்சகத்துக்காரன் மெஷின்ல உள்ள பேரத்தான நாம எழுதினோம்?"

"ஆமாம்."

"அவன்கிட்ட இல்லாத ஆளு உங்ககிட்ட இருந்தா?"

அதுதான் நடந்திருந்தது. அச்சகத்தின் பட்டியலை வைத்து எங்கள் ஆட்களைத் தேடினோம். அங்கே இல்லாதவர்களை நாங்கள் தேடவே இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் அவர் தலைகீழாகத் தொடங்கினார். எங்கள் டிஸ்க்கில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, அச்சகத்தில் இல்லாதவை எவை என்று பார்த்தார். இரண்டு இருந்தன. இரண்டும் இறந்துபோன பௌதிக ஆசிரியர் சேர்த்தவை. ஒன்று புத்தகப் பட்டியலைத் தாங்கி நிற்பது. மற்றொன்று தமிழ் எழுத்தைத் திரையில் காட்டுவது. இரண்டுக்கும் எதிரே விவரம் எதுவும் எழுதாமல் விட்டிருந்தார் ஆசிரியர். அதனால் அவற்றை உபரி என்று நான் தீர்மானித்திருக்கிறேன்.

அவர் இரண்டுக்கும் நாலை அழித்து இரண்டு போட்டார். ஒன்பது நிமிடம் கழித்துப் பட்டியல் திறந்தது. என் எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை பெட்டியை அவரே கொண்டுவந்தார். என்னை நம்பி ஆட்டோவில் அனுப்ப அவருக்கு மனமில்லை. கரமனையில் மாடி ஏறி, ஒயர்களை மாட்டி, சுவரோரம் நின்றார். பதினொன்றேகாலுக்கு அதிகாரி வந்தார். ஒன்பது நிமிடத்தில் நான்கு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பட்டியல் வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார், உடனே நிமிர்ந்தார்.

"இது முழுவன் தமிழல்லே?" என்று கேட்டார். தனக்கு வாசிக்கத் தெரியாது, தெரியாததைச் சரிபார்த்ததாக எப்படி எழுதுவது என்று மலையாளத்தில் சொன்னார். கோபமாகப் பேசவில்லை. எல்லா வாசகசாலைகளுக்கும் பொதுவான நிரல் ஒன்று இருக்கிறது, இந்தப் பெட்டியை ஃபார்மட் செய்து அதைப் போட்டு எல்லாவற்றையும் மலையாளத்தில் ஏற்றிவிட்டு அடுத்த வருடம் விண்ணப்பியுங்கள் என்றார். அதுவரை அங்கீகாரம் இல்லை. பேனாவை எடுத்தார்.

'சரி சார்' என்று சொல்லிப் பழகிய வாய் எனக்கு. அது திறப்பதற்கு முன் அவர் சுவரோரத்திலிருந்து வந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கம்ப்யூட்டருக்கும் அதிகாரிக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க யாரு? கமிட்டி மெம்பரா?"

"இல்ல சாரே. நான் மெஷினுக்கு வேண்டி வந்ததாக்கும்."

"பின்ன மாறி நில்லுங்க."

"எனக்கும் இது வாயிக்கத் தெரியாது. நான் படிச்சது மலையாளம். வீட்ல பேசுதது மட்டும் தமிழ். நாலு நாளா இதில கெடந்து தலைய உடைச்சேன், இதில ஒரு வரி எனக்குத் தெரியாது. அதுக்காக அழிக்கச் சொல்லலாமா?"

அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "அழிக்க மாட்டோம் சார். எழுத்து தெரிய வேண்டாம். நம்பர் தெரியுமில்லையா? நீங்க அஞ்சு நம்பர் சொல்லுங்கோ. அந்தப் புஸ்தகங்களைக் கொண்டுவந்து உங்க கையில் தரேன். ஒண்ணு இல்லேன்னாலும் இந்த அறைச் சாவியை இப்பவே மேஜைமேல் வைக்கறேன்."

சொன்ன பிறகுதான் யோசித்தேன். நான்காயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டில் எது தொலைந்திருக்கிறது, எது பூச்சி அரித்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அதிகாரி பேனாவை மூடினார். ஐந்து எண்கள் சொன்னார். முதல் நான்கையும் அலமாரியிலிருந்து எடுத்துவந்து முத்திரையைக் காட்டினேன். ஐந்தாவது எண் மூவாயிரத்து இருபத்தொன்று. அந்த இடம் காலியாக இருந்தது. இரண்டு பக்கத்துப் புத்தகங்களையும் நகர்த்திப் பார்த்தேன். இல்லை.

"போயோ?" என்றார் அதிகாரி.

"போகல்ல" என்றார் ஸ்டூலில் இருந்தவர். "சாரே, மெஷின்ல பாருங்க."

பார்த்தேன். உறுப்பினர் எண் நூற்றுப் பதினேழுக்கு இரவல் போயிருந்தது. பாலத்தருகே ஹோட்டலில் தோசைக் கல்லில் நிற்கும் தென்காசிக்காரர். போன் செய்தேன். நடந்தால் ஆறு நிமிட தூரம். அவர் நான்கு நிமிடத்தில் வந்தார். தலையில் துண்டு, இடுப்பில் மாவு படிந்த துணி, அக்குளில் செய்தித்தாள் அட்டை போட்ட புத்தகம்.

"என்ன சார், தேதி தாண்டிட்டா?" என்று என்னைக் கேட்டார்.

அதிகாரி அவரிடமிருந்து புத்தகத்தை வாங்கி முத்திரை எண்ணைப் பார்த்தார். மூவாயிரத்து இருபத்தொன்று. ஓரம் மடித்திருந்த பக்கத்தைத் திறந்து பார்த்தார். அங்கே மாவு விரல் பட்ட தடம் இருந்தது. அதை மூடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"சார், இப்பவே திருப்பிக் குடுக்கணுமா?" என்றார் தோசைக்காரர். "இன்னும் பதினெட்டு பக்கம் இருக்கு."

அதிகாரிக்கு அது புரிந்தது. புத்தகத்தை அவரிடம் கொடுத்துவிட்டு, பதிவேட்டில் எழுதினார். மலையாளத்தில் ஒரே வரி: 'ஐந்து எண்கள் சோதித்தேன், ஐந்தும் சரி, ஒன்று உபயோகத்தில்.' கையெழுத்துப் போட்டார். நான் அதை மூன்று முறை படித்தேன்.

அதற்குள் ஸ்டூலில் இருந்தவர் ஸ்குரூ டிரைவரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். நன்றி சொல்ல வாசலுக்குப் போனேன். படியில் தோசைக்காரரோடு இறங்கிக்கொண்டிருந்தார்.

"அதில என்ன கத?" என்று கேட்டார்.

"பெரிய கதக்கா. முடிவு தெரியாது. இன்னும் வாசிக்கல்ல."

"தெரிஞ்சது வரைக்கும் சொல்லு."